வில்லும் குடமும் கணினிக்குள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கோயில் கொடைக்காலம் வந்துவிட்டால் நாஞ்சில் நாட்டில் ஏதாவது ஓர் ஊரில் வில்லுப்பாட்டு நடந்துகொண்டே இருக்கும். சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ பந்தல் போட்டு, இரவெல்லாம் கதை ஓடும். மறுநாள் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செண்டைக்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் எங்களுக்குக் கொடை என்றால் இரண்டு பக்கத்து ஓசையும் வேண்டும்.

இந்த ஓசைகளைக் கணினியில் நாமே உண்டாக்கி மின்னணு இசையில் சேர்க்க முடியுமா என்று இளவட்டங்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். முடியும். பழைய மடிக்கணினி போதும், பணமும் வேண்டாம். நான் தட்டுத் தடுமாறிக் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அசல் வாத்தியத்தின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாசிப்பதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு விசையைத் தட்டும்போதெல்லாம் அதையே ஒலிக்கவிடுவது. சாம்பிள் என்பார்கள். மற்றொன்று, அந்த ஒலி எப்படிப் பிறக்கிறதோ அதையே கணக்காக எழுதிக் கணினியை அதிரச் செய்வது. இதை மாடலிங் என்பார்கள். சாம்பிள் உடனே அழகாக ஒலிக்கும். ஆனால் குடத்தைப் பெரிதாக்கு, நாணை இறுக்கு, கோலை மாற்று என்றால் அதற்குக் கேட்காது. மாடலிங்குக்குக் கேட்கும். இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது. பதிவை நாம் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வோம்.

வில்லை உற்றுப் பாருங்கள்

மாடலிங் கற்க வில்லைவிட நல்ல வாத்தியத்தை நான் பார்த்ததில்லை. வில்லின் நடுவைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நாண் மேலே இருக்கும். புலவர் கையில் இரண்டு வீசுகோல். கோல் நாணில் விழுந்ததும் நாண் அதிர்கிறது. அந்த அதிர்வு வில்லின் வளைவு வழியாகக் குடத்துக்கு இறங்குகிறது, போகிற போக்கில் வில்லில் தொங்கும் மணிகளையும் குலுக்கிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டையான மட்டையால் அடித்து அதன் காற்றைத் தனியாகவும் பேசவைக்கிறார்.

அடி, அதிர்வது, கூடு. எந்த வாத்தியத்திலும் இந்த மூன்றும் உண்டு. வில்லில் மட்டும் இவை தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன: வீசுகோல், நாண், குடம். நாகசுரத்தை எடுத்துக்கொண்டால் சீவாளியும் காற்றும் குழலும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆகவே முதல் சில மாதங்களுக்கு நாகசுரத்தைத் தொடாதீர்கள். அடித்ததும் ஒலித்து அடங்கிவிடும் வாத்தியங்களிலேயே இருங்கள்.

என்னென்ன வேண்டும்

இலவச மென்பொருள் மூன்று. பதிவு செய்யவும் அலசவும் ஆடாசிட்டி. நம் வாத்தியத்தைக் கட்ட ப்யூர் டேட்டா. இதில் நிரல் எழுத வேண்டாம், பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தால் போதும். மூன்றாவது சர்ஜ் எக்ஸ்டி. இது தயார்நிலையில் உள்ள சிந்தசைசர், மீட்டிய தந்திக்கென்றே இதில் ஒரு பகுதி இருக்கிறது. பெட்டி இணைக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ஒரு தடவையாவது தந்தியைக் கையால் கட்டிப் பார்த்தவருக்குத்தான் அந்தத் திருகுகள் ஒவ்வொன்றும் என்ன செய்கின்றன என்று புரியும்.

அப்புறம் காது முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) பக்கத்து ஒலி கிட்டத்தட்ட வராது. குடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பதிவு

முதல் தடவை நான் கொடைப் பந்தலிலேயே கைபேசியை நீட்டிப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் குடத்தையே காணோம். கூம்பு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கூம்புக்குக் கீழ்ச்சத்தம் வராது. நான் பதிவு செய்தது குடத்தை அல்ல, கூம்பை.

பிறகு குடம் அடிக்கும் பெரியவரின் வீட்டுக்கே போய் அனுமதி கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அடித்துக் காட்டினார். நான் அடிக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "அடிக்கத மட்டும் பாத்தா போதாது மக்ளே, அடிச்ச கைய எப்போ எடுக்கேன்னு பாரு" என்றார். பத்தி குடத்து வாயில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கினால் ஒலி 'தொப்' என்று செத்துவிடுகிறது. உடனே விலகினால் 'பும்' என்று திறக்கிறது. ஒரே குடம், ஒரே அடிதான். கை விலகும் நேரம் மட்டும் வேறு.

பதிவில் கவனிக்க வேண்டியவை: கைபேசியின் சாதாரண ஒலிப்பதிவுச் செயலி சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும், இரைச்சலை நீக்குகிறேன் என்று அடியின் முனையையும் மழுக்கிவிடும். அந்த வசதிகளை அணைக்க முடிகிற செயலியாகப் பார்த்து, எம்பி3-க்குப் பதில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஒவ்வோர் அடியும் முழுதாக அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை அடிக்கச் சொல்லுங்கள். மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று வகைக்கு ஐந்து அடிகள் போதும். முடிந்தால் வாசிக்கிற கையைக் காணொளியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் அதிகம் உதவும்.

ஆடாசிட்டியில் ஒரு அடியைத் தேர்ந்து, அலசல் பட்டியலில் உள்ள அலைமாலை வரைபடத்தைத் திறந்தால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று மலை மலையாகக் காட்டும். அங்கே அளவு என்ற இடத்தில் 16384 வையுங்கள். 2048 என்று இருந்தால் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 21 ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும், குடத்துக்கு அது போதாது. 16384 வைத்தால் 2.7 ஹெர்ட்ஸ். உயரமான நாலைந்து மலைகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நாண்

தந்தியைக் கணினியில் உண்டாக்கும் மிக எளிய வழியைக் கெவின் கார்ப்லஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983-ல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதைவிடச் சுருக்கமாக ஒரு தந்தியைக் கட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் இரைச்சலை எடுத்து ஒரு வளையத்துக்குள் போட்டுச் சுற்றவிடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பக்கத்து எண்களின் சராசரியை எடுத்துக்கொள்கிறோம். சராசரி எடுக்க எடுக்க முள் முள்ளாக இருந்த இரைச்சல் மழுங்கி, சீறல் முதலில் அடங்கிக் கனமான நாதம் மட்டும் மிஞ்சும். அசல் தந்தியிலும் இதேதான் நடக்கிறது.

சுரம் எது என்பதை வளையத்தின் நீளம் முடிவு செய்கிறது. கணினி ஒரு நொடியில் 44100 எண்களை ஒலியாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டைச் சுருதியின் கீழ் ஸட்ஜம் சுமார் 147 ஹெர்ட்ஸ். 44100-ஐ 147-ஆல் வகுத்தால் 300. ஆக, 300 எண்கள் கொண்ட வளையம், நேரக்கணக்கில் 6.8 மில்லிநொடி.

பெட்டி இணைக்கும் முன், ஆடாசிட்டியின் உருவாக்கு பட்டியலில் உள்ள 'ப்ளக்' என்பதைத் திறந்து சுர எண் 50 என்று கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். இதே வழியில் பிறந்த அதே 147 ஹெர்ட்ஸ் தந்தியைக் கேட்பீர்கள். ஒரு நிமிட வேலை.

இப்போது ப்யூர் டேட்டாவில் நாமே கட்டுவோம். இரைச்சல் தரும் பெட்டி ஒன்று வையுங்கள். அதை 6.8 மில்லிநொடி மட்டும் திறந்து மூடுகிற ஒரு கதவு. அதிலிருந்து தாமதத்தில் எழுதும் பெட்டிக்கு ஒரு கோடு. தாமதத்திலிருந்து படிக்கும் பெட்டியில் 6.8 என்று கொடுங்கள். படித்ததை மேல்ச்சத்தம் குறைக்கும் வடிகட்டி வழியாக அனுப்பி, ஒரு எண்ணால் பெருக்கி, திரும்ப எழுதும் பெட்டிக்கே விடுங்கள். வளையம் முடிந்தது. படித்த ஒலியிலிருந்து ஒரு கிளையை ஸ்பீக்கருக்கு எடுங்கள்.

அந்தப் பெருக்கும் எண்தான் நாதம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 147 ஹெர்ட்ஸில் ஒலி நொடிக்கு 147 தடவை வளையத்தைச் சுற்றுகிறது. ஒரு நொடியில் அது 60 டெசிபல் இறங்க வேண்டுமானால் எண் 0.954. மூன்று நொடி நிற்க வேண்டுமானால் 0.984. தோல் நாண் சீக்கிரம் அடங்கும், ஆகவே 0.95-க்குக் கீழேயே தொடங்குங்கள். 1-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி வளர்ந்துகொண்டே போய்க் காதைக் கிழிக்கும். கோடு இணைத்துப் பழகும் நாட்களில் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் ஒலியைக் கேளுங்கள், அப்புறம் காதில் வையுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் கோட்டில் உச்சத்தை வெட்டும் பெட்டி ஒன்றையும் இப்போதே வைத்துவிடுங்கள்.

மேல் சுரங்களுக்குப் போகும்போது இரண்டு இடங்களில் இடறும். ப்யூர் டேட்டா ஒலியை 64 எண்கள் கொண்ட கட்டுகளாகக் கையாள்கிறது. திரும்பச் சுற்றும் வளையம் அதைவிடக் குறுகியதாக இருக்க முடியாது. 44100-ஐ 64-ஆல் வகுத்தால் 689 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் தந்தி ஏறாமல் நின்றுவிடும். வளையத்தைத் தனி உள்பெட்டிக்குள் வைத்து, அங்கே கட்டின் அளவை 1 என்று மாற்றினால் தடை விலகும். இன்னொன்று சுருதி விலகல். இரண்டு எண்களின் சராசரி எடுக்கும்போது வளையம் அரை எண் அளவுக்கு நீள்கிறது. 300-ல் அரை என்பது காதுக்குத் தெரியாது. 1470 ஹெர்ட்ஸில் வளையமே 30 எண்கள்தான். அங்கே அரை என்பது ஒரு அரைச்சுரத்தில் கால் பங்குக்கும் மேல், அபஸ்வரமாகவே கேட்கும். மேலே போகப் போக வளையத்தைச் சிறிது குறைத்துக் கொடுங்கள்.

கோல்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த இடம். வளையத்துக்குள் போடுகிற அந்தச் சிறு இரைச்சல்தான் நம் வீசுகோல். அதை மாற்றினால் கோல் மாறும். கடினமான கோலுக்கு இரைச்சலை அப்படியே விடுங்கள். துணி சுற்றிய கோல் வேண்டுமா, வளையத்தில் போடும் முன்பே மேல்ச்சத்தத்தை வடிகட்டுங்கள்.

கோல் எங்கே விழுகிறது என்பதையும் சொல்லலாம். நாணின் சரியான நடுவில் அடித்தால் அடிப்படை அதிர்வெண்ணைப் போல 2, 4, 6 மடங்கில் ஒலிக்கும் இரட்டைப்படை மேல்நாதங்கள் எழாது. அவை நடுவில் அசைவதே இல்லை. இதற்கு இரைச்சலின் ஒரு நகலை 150 எண்கள் தாமதித்து, மூல இரைச்சலிலிருந்து கழியுங்கள். ஒலி உள்ளீடற்றதாக, மூங்கில் போல மாறும். 150 என்பதை 60 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் அடித்த மாதிரி. இந்த ஓர் எண்ணை மட்டும் நகர்த்தி நகர்த்தி ஒரு மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓங்கி அடித்தால் சத்தம் மட்டும் கூடுவதில்லை, ஓசை பளிச்சென்றும் ஆகும். 1960-களில் ஜான் கிளாட் ரிஸே ட்ரம்பெட்டை அலசி, வலுத்து ஊதும்போது மேல்நாதங்கள் கூடுதலாக வளர்வதைக் காட்டினார். கோலடிக்கும் இது பொருந்தும். விசையை எவ்வளவு வேகமாகத் தட்டுகிறீர்களோ அந்த எண்ணை ஒலி அளவோடு மட்டும் இணைக்காமல், இரைச்சல் வடிகட்டியின் எல்லையோடும் இணையுங்கள். மெல்லத் தட்டினால் 800 ஹெர்ட்ஸ், ஓங்கினால் 6000 ஹெர்ட்ஸ் என்று வைத்துத் தொடங்கலாம்.

குடம்

குடத்தின் வாயில் இருக்கும் காற்று ஒரு குமிழ் போல மேலும் கீழும் ஆடுகிறது, உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி அதைத் தள்ளுகிறது. 19-ம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த விஷயம் இது. குடம் பெரிதானால் நாதம் இறங்கும், வாய் அகலமானால் ஏறும், கழுத்து நீண்டால் இறங்கும். 20 லிட்டர் குடம், வாயின் குறுக்களவு 10 சென்டிமீட்டர், கழுத்து 3 சென்டிமீட்டர் என்றால் கணக்கு ஏறக்குறைய 108 ஹெர்ட்ஸ் தருகிறது. பாதிக்குத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே காற்று பாதியாகி, அதிர்வெண் 1.41 மடங்கு ஏறி 153-க்குப் போகும். வீட்டுக் குடத்திலேயே தண்ணீர் ஊற்றி வாயில் தட்டிப் பாருங்கள், குடம் நிறைய நிறையச் சத்தம் ஏறுவது நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்.

ப்யூர் டேட்டாவில் இதற்கு ஒரு அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக் காட்டும் வடிகட்டி போதும். மையம் 108, கூர்மை 10 என்று தொடங்குங்கள். நாணின் ஒலியை இதற்குள் விட்டு, வருவதை நாணோடு கலந்து கேளுங்கள். பத்தி அடிக்கு இதே வடிகட்டிக்குள் 5 மில்லிநொடி இரைச்சலை நேராக விடுங்கள். கை தங்குவதையும் விலகுவதையும் மறக்க வேண்டாம்: ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கூர்மை 2, விட்டதும் 10 என்று இணைத்தால் 'தொப்'பும் 'பும்'மும் ஒரே விசையில் வரும். பெரியவர் திண்ணையில் சொன்னதை நான் இப்படித்தான் பெட்டியாக்கினேன்.

மணி, ஜால்ரா, தோல்

மணியின் மேல்நாதங்கள் 1, 2, 3 என்று ஒழுங்காக நிற்காது. அதற்கு எஃப்எம் (அதிர்வெண் பண்பேற்றம்) வழி சுலபம். ஜான் சௌனிங் 1973-ல் வெளியிட்ட வழி இது, 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் இதைக் கொண்டுதான் உலகம் முழுக்கப் போனது. ஒரு ஸைன் அலையின் அதிர்வெண்ணை இன்னொரு ஸைன் அலை ஆட்டவேண்டும். இரண்டுக்கும் விகிதம் 1-க்கு 1.4 என்று வைத்து, ஆட்டத்தின் அளவை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் மணி. ஜால்ராவுக்கு இதில் இரண்டு நகல்களைச் சில ஹெர்ட்ஸ் விலக்கி வையுங்கள். 2000-மும் 2006-மும் சேர்ந்தால் நொடிக்கு ஆறு தடவை அலையும்.

தோல் வாத்தியம் கொஞ்சம் ஆழமானது. சும்மா இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் விழும். சுரமாகச் சேராது, தட்டல் ஓசையாகவே நிற்கும். உடுக்குக்கு இந்த நாலு எண்களில் நாலு ஸைன் அலைகளை வைத்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு வேகத்தில் அடங்கவிடுங்கள். உடுக்கின் இடையை அழுத்தும்போது கயிறு இறுகி ஓசை ஏறுகிறது. இறுக்கம் இரண்டு மடங்கானால் அதிர்வெண் 1.41 மடங்குதான் ஏறும், ஆகவே நாலு அலைகளையும் சேர்த்து அந்த அளவுக்குள் வளையுங்கள். அதற்கு மேல் போனால் கார்ட்டூன் சத்தமாகிவிடும்.

மிருதங்கத்தின் வலந்தலை வேறு. நடுவில் உள்ள கருப்பு வட்டம், கரணை என்றும் சோறு என்றும் சொல்வது, தோலின் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சி.வி. ராமன் சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920-ல் நேச்சர் இதழில் இதை எழுதினார். எந்தக் கணக்கும் எழுதி வைக்காமல் பசையைத் தேய்த்துத் தேய்த்து இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்புத்தான். உங்களுக்கு வேலை என்னவோ சுலபம்: மேலே சொன்ன நாலு அலைகளோடு இன்னொன்றைச் சேர்த்து, விகிதங்களை 1 முதல் 5 வரை என்று மாற்றினால் உடுக்கு மிருதங்கத்தின் பக்கம் நகர்ந்துவிடும்.

செண்டைக்கு ஒரே ஒரு யோசனை. உருட்டு வாசிக்கும்போது வலது கோலும் இடது கோலும் ஒரே மாதிரி விழுவதில்லை. இரண்டுக்கும் வடிகட்டி எல்லையைச் சற்று மாற்றி, அடிகளுக்கு இடையிலான நேரத்தைச் சில மில்லிநொடி தாறுமாறாக்குங்கள். இல்லாவிட்டால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும்.

இங்கிருந்து மின்னணு இசைக்கு

அசலைப் போலவே வந்துவிட்டது என்றால் அதோடு நிற்க வேண்டியதில்லை. எந்த ஊரிலும் சுட முடியாத குடத்தை இப்போது செய்யலாம். அதே வாயோடு 80 லிட்டர் குடம் என்றால் அதிர்வெண் பாதி, 54 ஹெர்ட்ஸ். நடன இசையில் தரையை அதிரவைக்கும் கீழ் அடி அந்த இடத்தில்தான் இருக்கிறது. குடத்தின் மையத்தை 54-லிருந்து 108-க்கு ஒரு தாளவட்டம் முழுக்க மெதுவாக ஏற்றிப் பாருங்கள், தண்ணீர் நிறைவது போல இசை நிறையும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களைப் போலக் கல்லை அதிரவைக்க வேண்டுமா, இரண்டு முனையும் இறுகப் பொருந்திய மெல்லிய தூணின் விகிதம் ஏறக்குறைய 1, 2.76, 5.40. அந்த மூன்று ஸைன் அலைகளை நம் வீசுகோலால் அடியுங்கள்.

கடைசிப் படி, செய்ததை வாசிக்கிறவரிடம் போட்டுக் காட்டுவது. என் முதல் குடத்தை மடிக்கணினி ஸ்பீக்கரில் கேட்டபோது கீழ்ச்சத்தம் வரவில்லை என்று மையத்தை 108-லிருந்து 150-க்கு ஏற்றி வைத்திருந்தேன். அப்படியே கொண்டுபோய்ப் பெரியவருக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு நாலு அடி கேட்டார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "அடி சரியாத்தான் வருது மக்ளே. ஆனா கொடத்துல பாதிக்குத் தண்ணி நிக்குதே?" என்றார்.

அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து 150-ஐ அழித்து 108 என்று போட்டேன்.